இத்தாலியத் திகில் படங்களில் பார்பரா ஸ்டீல்: ஒரு பிரித்தானிய நடிகையைப் புரிந்துகொள்ள எளிய விளக்கம்

பழைய திகில் படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பார்பரா ஸ்டீல் என்ற பெயரும் கூடவே எழும். அகன்ற கண்களும் மேடிட்ட கன்ன எலும்புகளும் கரிய கூந்தலும் கொண்ட அந்த முகத்தை ஒருமுறை திரையில் பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. ஆயினும் அவரைப் பற்றிச் சொல்லப்படுபவற்றில் பல உண்மைக்குப் புறம்பானவை. அவரை இத்தாலியர் என்று நினைப்போர் உண்டு. பிரித்தானியர் என்று அறிந்தவர்களோ, அப்படியானால் திகில் படங்களுக்குப் பெயர்போன ஹேமர் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் படங்களில்தான் அவர் நடித்திருக்க வேண்டும் என்று தாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலப் படங்களில் பெயர் எடுத்து, பிறகு வாய்ப்புக் குறைந்து, வேறு வழியின்றி இத்தாலியின் மலிவான படங்களில் ஒதுங்கியவர் என்பது இவற்றைவிடப் பரவலான கருத்து.

மூன்றுமே தவறு. பார்பரா ஸ்டீல் 1937 டிசம்பர் 29 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில் பிறந்தவர். ஹேமர் நிறுவனத்தின் ஒரு படத்தில்கூட அவர் நடித்ததில்லை. இத்தாலியில் முதல் திகில் படத்தில் நடித்தபோது அவருக்கு வயது 22. அதுவரை சிறு வேடங்களைத் தவிர வேறெதுவும் அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. ஏறுமுகமே காணாத ஒருவருக்கு இறங்குமுகம் எங்கிருந்து வரும்? அவர் இத்தாலியில் நட்சத்திரமானதற்கு அன்றைய ஐரோப்பியத் திரைத் தொழில் இயங்கிய முறைதான் காரணம். அந்த முறை பிடிபட்டுவிட்டால், அவருடைய வாழ்க்கையில் புதிராகத் தோன்றும் பலவும் தாமே தெளிந்துவிடும்.

## வகைமைப் படம் என்பது என்ன?

திகில், துப்பறிதல், புராண வீரர்களின் சாகசம், குதிரை வீரர்களின் துப்பாக்கிச் சண்டை என்று, இன்ன வகை என்று பார்வையாளர் முன்கூட்டியே அறிந்து அதற்காகவே சீட்டு வாங்கிப் பார்க்கும் படத்தை வகைமைப் படம் என்கிறோம். எல்லா நாட்டுச் சினிமாவிலும் இது உண்டு. ஆனால் 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில் இதற்கு ஒரு தனி வேகம் வந்தது. ஒரு படம் வென்றுவிட்டால், அதன் ஈரம் காய்வதற்குள் அதே சாயலில் பத்துப் படங்கள் எடுத்துவிடுவார்கள். பார்வையாளர்களுக்குச் சலிக்கும்வரை அந்த வரிசை நீளும். பிறகு வேறொரு வரிசை தொடங்கும். இப்படிப்பட்ட வரிசையை இத்தாலியர்கள் ஃபிலோனே என்பார்கள்.

1958-ல் கலாத்தேயா என்ற நிறுவனம் எடுத்த ஹெர்குலிஸ் படம் அமெரிக்காவரை சென்று பணம் குவித்ததும், எண்ணெய் பூசிய உடற்கட்டுடன் புராண வீரர்கள் படையெடுத்து வந்தார்கள். அதே காலத்தில் ஹேமர் நிறுவனத்தின் 'டிராகுலா' (1958) இத்தாலியிலும் நன்றாக ஓடியது. பாழடைந்த கோட்டை, கல்லறை, குடும்பச் சாபம், மாண்டவர் மீள்வது ஆகியவற்றைக் கொண்ட இவ்வகைக் கதைகளைக் காத்திக் கதைகள் என்பர். கலாத்தேயா நிறுவனமே அடுத்து அந்தப் பக்கம் கை வைத்தது. அப்படி உருவானதுதான் மரியோ பாவா இயக்கிய 'லா மாஸ்கெரா டெல் டெமோனியோ' (1960). பார்பரா ஸ்டீலின் பெயர் நிலைத்தது இந்தப் படத்தால்தான்.

இத்தாலியத் திரையரங்குகள் தரவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பெருநகரங்களின் முதல்தர அரங்குகளில் ஓடி முடிந்த படம், பிறகு இரண்டாம் தர, மூன்றாம் தர அரங்குகளுக்கும் சிற்றூர்களுக்கும் போகும். அந்த அரங்குகளுக்கு வாரந்தோறும் புதுப்படம் வேண்டும். சிறு முதலீட்டில், பல நேரங்களில் இரண்டு மூன்று வாரங்களிலேயே எடுத்து முடிக்கப்பட்ட படங்கள்தான் அந்தத் தேவையை நிறைவு செய்தன.

சுருக்கமாக: இத்தாலிய வகைமைப் படங்கள் வரிசை வரிசையாக, விரைவாக, குறைந்த செலவில் எடுக்கப்பட்டன. பார்பரா ஸ்டீல் காத்திக் வரிசையின் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தார்.

## முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது

இத்தாலி மொழி தெரியாத ஆங்கிலப் பெண் இத்தாலியப் படத்தில் எப்படிக் கதாநாயகியாக நடிக்க முடியும்? தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிது. மும்பையிலிருந்து வரும் கதாநாயகி வரிக்கு வரி கேட்டு உதடசைத்துவிட்டுப் போவதும், பின்னர் சென்னையில் குரல் கலைஞர் ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த உதடசைவுக்குத் தமிழ் பேசுவதும் நமக்குப் பழகிய நடைமுறை. படத்தைப் பார்க்கும்போது நாம் கேட்பது அந்த நடிகையின் குரலை அன்று.

இத்தாலியில் நடந்ததும் இதுவே, ஆனால் இதைவிட ஒருபடி அதிகம். தமிழ்ப் படத்தில் கதாநாயகி தவிர மற்றவர்களாவது தமிழில் பேசி நடிப்பார்கள். படத்துக்கென்று ஒரு மூல மொழி இருக்கும். அன்றைய இத்தாலிய வகைமைப் படத்தில் அப்படியொரு மூல மொழி இருந்ததாகவே சொல்ல முடியாது. படப்பிடிப்பில் ஆங்கிலேயர் ஆங்கிலத்திலும், பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சிலும், உள்ளூர்க்காரர் இத்தாலி மொழியிலும் பேசுவார்கள். அப்போது பதிவாகும் ஒலி பின்னர் வழிகாட்டுவதற்கு மட்டும்தான். படம் தொகுக்கப்பட்ட பிறகு இத்தாலிக்கு ஒன்று, ஆங்கில நாடுகளுக்கு ஒன்று, பிரான்சுக்கு ஒன்று என்று ஒவ்வொரு பதிப்புக்கும் எல்லா வசனங்களையும் தனித்தனியே பேசிப் பதிவு செய்வார்கள். இதனைப் பின்னொலிச் சேர்க்கை என்று சொல்லலாம்.

இந்தப் பழக்கத்துக்கு அரசியல் வேரும் உண்டு. முசோலினியின் ஆட்சி 1930களின் தொடக்கத்தில் அயல்மொழி வசனங்களோடு படம் திரையிடுவதைத் தடுத்து, இத்தாலி மொழியில் குரல் சேர்த்த பின்னரே திரையிடலாம் என்ற நிலையை உருவாக்கியது. அதனால் குரல் சேர்க்கும் கூடங்களும் தேர்ந்த கலைஞர்களும் ரோமில் பெருகினர். ஆட்சி போன பின்னும் பழக்கம் நின்றது. உள்ளூர் நட்சத்திரங்களும் இதற்கு விலக்கல்லர். துனிசியாவில் வளர்ந்து பிரெஞ்சு சாயலோடு இத்தாலி மொழி பேசிய கிளவுதியா கார்தினாலேயின் சொந்தக் குரலை இத்தாலியப் பார்வையாளர்கள் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'எட்டரை' (1963) படத்தில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். அதற்குள் அவர் பெரிய நட்சத்திரமாகிவிட்டிருந்தார். ஏற்றுமதிக்கான ஆங்கிலப் பதிப்புகளில் பேசுவதற்கு, ரோமில் குடியிருந்த ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைக்கும் அளவுக்கு வேலை இருந்தது.

பார்பரா ஸ்டீலைப் பற்றிய குழப்பங்களில் முதன்மையானது இங்கேதான் முளைக்கிறது. அவருடைய இத்தாலியத் திகில் படங்களின் ஆங்கிலப் பதிப்புகளில் பெரும்பாலும் நாம் கேட்பது வேறொருவர் குரல். ஆங்கிலேயப் பெண்ணின் ஆங்கில வசனத்தையே இன்னொருவர் ஏன் பேச வேண்டும் என்று தோன்றலாம். படப்பிடிப்பு முடிந்து வாரங்கள் கழித்துத்தான் குரல் பதிவு நடக்கும். அதற்குள் நடிகை அடுத்த படத்துக்குப் போயிருப்பார். அவரை மீண்டும் வரவழைத்தால் தனிச் சம்பளம் தர வேண்டும். கூடத்தில் காத்திருக்கும் குரல் கலைஞர்களோ அந்த வேலையை ஓரிரு நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். தயாரிப்பாளருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இதில் நடிகைக்கு நேரும் இழப்பு சிறியதன்று. நடிப்பில் குரல் பாதி என்றால் அந்தப் பாதி அவரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அவருடைய நடிப்பை 'உணர்ச்சியற்ற வசன உச்சரிப்பு' என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் அவர் பேசாத வசனத்துக்காகவே அவரைக் குறை சொல்கிறார்கள்.

சுருக்கமாக: அன்றைய இத்தாலியப் படங்களில் குரல் கடைசியில் சேர்க்கப்பட்டது. ஆகவே எந்த மொழிக்காரரும் நடிக்கலாம். ஆனால் அவர் குரல் படத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

## கூட்டுத் தயாரிப்பும் புனைபெயர்களும்

இரண்டு நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து முதலீடு செய்து, அந்தப் படம் இரு நாடுகளிலும் உள்நாட்டுப் படமாகவே கருதப்பட்டு, இரண்டு அரசுகளின் உதவியையும் பெறுவதற்குக் கூட்டுத் தயாரிப்பு என்று பெயர். இத்தாலியும் பிரான்சும் இதற்கான ஒப்பந்தத்தை 1949-ல் முறையாகச் செய்துகொண்டன. பிற நாடுகளும் தொடர்ந்தன. இத்தகைய படங்களில் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நடிகர்களும் கலைஞர்களும் இடம்பெற வேண்டும். இத்தாலிய இயக்குநர் அந்தோனியோ மார்கெரிட்டியின் 'டான்சா மகாப்ரா' (1964) படத்தில் நாயகன் ஜார்ஜ் ரிவியேர் பிரெஞ்சுக்காரராகவும், நாயகி ஆங்கிலேயராகவும், சூழ இருப்போர் இத்தாலியராகவும் இருப்பதன் பின்னணி இதுவே.

பிரித்தானிய நடிகர்களின் மதிப்பு வேறு காரணத்தால் உயர்ந்தது. திகில் படம் என்றால் ஆங்கிலேயர்கள் எடுப்பது என்ற எண்ணம் ஹேமர் படங்களால் இத்தாலியப் பார்வையாளர்களிடமே ஊறிவிட்டிருந்தது. அதற்கேற்பத் தயாரிப்பாளர்கள் தங்கள் படங்களையும் ஆங்கிலப் படம்போல் தோன்றச் செய்தார்கள். இயக்குநர் ரிக்கார்டோ ஃப்ரெடா சுவரொட்டியில் ராபர்ட் ஹாம்ப்டன் ஆனார். மார்கெரிட்டி, ஆந்தனி டாசன் ஆனார். பாவாகூட 1963-ல் ஒரு படத்துக்கு ஜான் எம். ஓல்ட் என்று கையெழுத்திட்டார். கதைகளும் அப்படியே இடம் பெயர்ந்தன. ஃப்ரெடாவின் 'டாக்டர் ஹிச்காக்' படத்தின் (1962) கதை 1885-ம் ஆண்டு லண்டனில் நடக்கிறது. அதற்கடுத்த 'லோ ஸ்பெட்ரோ' (1963) ஸ்காட்லாந்தில். இரண்டும் இத்தாலியில் எடுக்கப்பட்டவை.

இத்தனை இரவல் பெயர்களுக்கு நடுவே பார்பரா ஸ்டீல் என்பது மெய்யான ஆங்கிலப் பெயர். இத்தாலியில் அது நம்பகத்தன்மை தந்தது. வெளிநாட்டு விநியோகஸ்தரிடம் படத்தை விற்கும்போது விலையும் கூட்டித் தந்தது. மைக்கேல் ரீவ்ஸ் என்ற இளம் ஆங்கில இயக்குநர் இத்தாலியில் எடுத்து 1966-ல் வெளியான தன் முதல் படத்துக்கு அவரை ஒரே ஒரு நாள் படப்பிடிப்புக்கு அமர்த்தினார். அந்த ஒரு நாளில் எடுத்த காட்சிகளைப் படத்தில் பரப்பி வைத்து, விளம்பரத்தில் அவர் பெயரையே முன்னிறுத்தினார்கள். ஒரு நடிகையின் பெயர் எந்த அளவுக்கு விற்பனைச் சரக்காக மாறியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

## பர்க்கன்ஹெட்டிலிருந்து ரோம் வரை

ஓவியம் பயின்ற ஸ்டீலை 1950களின் இறுதியில் பிரித்தானியாவின் ரேங்க் நிறுவனம் ஒப்பந்தத்தில் எடுத்தது. ரேங்க் தன் தயாரிப்புகளைக் குறைத்துவந்த காலம் அது. 'பேச்சிலர் ஆஃப் ஹார்ட்ஸ்' (1958), 'சஃபையர்' (1959) ஆகியவற்றில் சிறு வேடங்கள் கிடைத்தன; பிறகு அவருடைய ஒப்பந்தம் ஹாலிவுட்டின் 20த் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. அங்கேயும் அவர் பெரும்பாலும் காத்துத்தான் கிடந்தார். 1960-ல் நடிகர் சங்க வேலைநிறுத்தம் ஹாலிவுட்டை முடக்கியது. அந்த ஆண்டில்தான் ரோமில் பாவாவின் படம் அமைந்தது. அதே ஆண்டு எல்விஸ் பிரெஸ்லி நடித்த 'ஃப்ளேமிங் ஸ்டார்' படத்தில் அவருக்கு நாயகி வேடம் வந்தது. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு அது கைநழுவி பார்பரா ஈடனிடம் போனது.

தாய்நாட்டில் இடம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் என்ன செய்வதென்றே தெரியாமல் வைத்திருந்தார்கள். ரோமிலோ ஒரே படத்தில் இரட்டை வேடம் காத்திருந்தது. இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவர் இத்தாலிக்குப் போனதை வீழ்ச்சி என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

## அந்த முதல் படம்

'லா மாஸ்கெரா டெல் டெமோனியோ' ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'விய்' கதையிலிருந்து சற்றே எடுத்துக்கொண்டு, மற்றதைத் தானே கட்டிய படம். பதினேழாம் நூற்றாண்டு மால்டேவியாவில் ஆசா என்ற பெண் சூனியக்காரி என்று தீர்ப்பளிக்கப்படுகிறாள். உட்புறம் முழுக்கக் கூர்முனைகள் கொண்ட உலோக முகமூடியை அவள் முகத்தில் வைத்துப் பெரிய சம்மட்டியால் அறைகிறார்கள். முகமூடி நெருங்கி வருவதை நாம் ஆசாவின் இடத்திலிருந்தே பார்க்கிறோம். முனைகள் நம் கண்ணை நோக்கி வருகின்றன. இரண்டு நூற்றாண்டுகள் கழிந்து அவள் விழிக்கும்போது, அந்த முனைகள் துளைத்த குழிகள் கன்னமெங்கும் இருக்க, நடுவே கண்கள் மட்டும் உயிரோடு விரிகின்றன. அந்தக் காட்சியில் ஸ்டீலுக்குப் பேச ஏறக்குறைய எதுவுமில்லை; எல்லாவற்றையும் முகமே செய்கிறது.

ஆசாவின் வம்சத்தில் பிறந்த காத்தியா என்ற இளம்பெண்ணாகவும் அவரே வருகிறார். சிதைந்த தேவாலய வாயிலில், இரண்டு பெரிய நாய்களைப் பிடித்தபடி, கறுப்பு உடையில் அசையாமல் நிற்கும் காத்தியாவை முதலில் பார்க்கும்போது இவள் நல்லவளா தீயவளா என்று சொல்ல முடியாது. ஒரே முகத்தில் இரக்கமும் அச்சமும் சேர்ந்தே தோன்றுகின்றன. இயக்குநர்கள் அடுத்த ஆறாண்டுகளும் அவரைத் தேடி வந்ததற்கு இந்தத் தன்மையே காரணம் என்பது என் துணிபு.

பாவா அடிப்படையில் ஒளிப்பதிவாளர். 1957-ல் ஃப்ரெடாவின் 'இ வாம்பிரி' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தபோது, நடிகையின் முகத்தில் முதுமைச் சுருக்கங்களைச் சிவப்பு மையால் வரைந்து, சிவப்பு விளக்கொளியில் அவை தெரியாமல் மறைத்து, பிறகு விளக்கின் நிறத்தை மாற்றி, வெட்டே இல்லாத ஒரே காட்சியில் அவளைக் கிழவியாக்கிக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் விளக்கின் நிறம் தெரியாது. முகம் மாறுவது மட்டுமே தெரியும். முகத்தின் மேல் ஒளி விழும் விதத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஒருவரிடம் ஸ்டீலின் முகம் போய்ச் சேர்ந்தது நற்பேறு. ஹேமர் படங்கள் வண்ணத்தில் மின்னிக்கொண்டிருந்தபோது பாவா கறுப்பு வெள்ளையில் எடுத்ததும் அந்த முகத்துக்குப் பொருந்தியது.

படம் இத்தாலியில் சுமாராகவே ஓடியது. அமெரிக்காவில் 1961-ல் 'பிளாக் சண்டே' என்ற பெயரில் வெளியாகி வெற்றி பெற்றது. பிரித்தானியத் தணிக்கைக் குழு அதற்கு 1968 வரை அனுமதி தரவில்லை. அதாவது, ஒரு பிரித்தானிய நடிகையின் புகழ்பெற்ற படத்தை எட்டு ஆண்டுகளுக்கு அவர் நாட்டு மக்களே திரையரங்கில் பார்க்க முடியவில்லை. அவரை இத்தாலியர் என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை.

## 1961 முதல் 1966 வரை

அமெரிக்க வெற்றியைப் பார்த்து அந்நாட்டு இயக்குநர் ரோஜர் கோர்மன் அவரை 'பிட் அண்ட் தி பெண்டுலம்' (1961) படத்தில் வின்சென்ட் பிரைஸோடு நடிக்க வைத்தார். கலிஃபோர்னியாவில் எடுத்த இந்த ஆங்கிலப் படத்திலும் அவர் வசனத்தை இன்னொரு நடிகையே பேசினார். அவருடைய உச்சரிப்பு மற்றவர்களோடு ஒட்டவில்லை என்பது காரணம். இத்தாலிய வழக்கம் அவரைக் கடல் கடந்தும் தொடர்ந்தது.

பிறகு ரோமில் அடுத்தடுத்துப் படங்கள். ஃப்ரெடாவின் இரண்டு படங்களில் முதலாவதில் கணவனிடம் சிக்கித் தவிக்கும் மனைவி. இரண்டாவதில் கணவனைக் கொல்லும் மனைவி. மார்கெரிட்டியின் 'டான்சா மகாப்ரா'வில் தான் இறந்தவள் என்பதை அறிந்தே காதலிக்கும் பெண். மரியோ கயானோவின் 'அமாந்தி தோல்ட்ரெதோம்பா' (1965) படத்தில் மீண்டும் இரட்டை வேடம். அதற்கு இசை என்னியோ மோரிக்கோனே. கமில்லோ மாஸ்த்ரோசின்க்வேயின் 'உன் ஆஞ்செலோ பெர் சாத்தானா' (1966) அவருடைய இத்தாலியக் காத்திக் படங்களின் நிறைவு. இரட்டை வேடம் திரும்பத் திரும்ப வருவது ஃபிலோனே முறையின் நேரடி விளைவு: பாவாவிடம் வென்றது எதுவோ, அதையே எல்லோரும் அவரிடம் கேட்டார்கள்.

இவற்றுள் 'டான்சா மகாப்ரா'வையே நான் உயர்வாக வைப்பேன். அவசரமாக எடுக்கப்பட்ட படம்தான். ஆயினும் மாண்டவள் ஒருத்தி உயிரோடிருப்பவன்மீது கொள்ளும் ஏக்கத்தை அவர் கண்களால் காட்டும் விதத்தில் அவசரத்தின் சுவடே இல்லை.

அதே ஆண்டுகளில் ஃபெலினியின் 'எட்டரை'யில் குளோரியா என்ற வேடத்திலும், ஃபோல்கர் ஷ்லோண்டார்ஃபின் 'டோர்லெஸ்' (1966) படத்திலும் அவர் நடித்தார். திகில் ராணி என்ற பட்டத்தை மட்டும் சூட்டி நிறுத்துபவர்கள் இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

## அதே வழியில் சென்ற பிறர்

பாவாவின் படத்தில் ஸ்டீலுக்கு இணையாக நடித்த ஜான் ரிச்சர்ட்சனும் பிரித்தானியரே. பின்னாளில் பல இத்தாலியப் படங்களில் நடித்தார். டிராகுலாவாகப் புகழ்பெற்ற கிறிஸ்டோபர் லீ, பாவாவின் 'லா ஃப்ருஸ்தா எ இல் கோர்போ' (1963) படத்தில் நடித்தபோது, ஆங்கிலப் பதிப்பில் அந்தப் புகழ்பெற்ற குரலுக்குப் பதில் வேறொருவர் குரலே ஒலித்தது. எட்மண்ட் பர்டம் கதை இன்னும் வியப்பானது. ஹாலிவுட்டில் 'தி ஸ்டூடண்ட் பிரின்ஸ்' (1954) படத்தில் மாரியோ லான்சாவின் பாடல்களுக்கு உதடசைத்தவர் அவர்; பின்னர் ரோமில் குடியேறி, நடித்ததோடு, ஆங்கிலப் பதிப்புகளில் பிறருக்குக் குரல் கொடுப்பவராகவும் வாழ்ந்து 2009-ல் அங்கேயே மறைந்தார்.

## அதன் பிறகு

1960களின் பிற்பகுதியில் காத்திக் வரிசை வற்றியது. இத்தாலியத் தயாரிப்பாளர்கள் துப்பாக்கி வீரர்கள் பக்கம் திரும்பினார்கள். ஸ்டீல் 1968-ல் தாய்நாட்டில் போரிஸ் கார்லாஃப், கிறிஸ்டோபர் லீ ஆகியோரோடு ஒரு திகில் படத்தில் நடித்தார். 1970களில் ஜோனதன் டெம்மி, டேவிட் க்ரோனன்பெர்க், ஜோ டான்டே ஆகிய இளம் இயக்குநர்கள், பாவாவின் நடிகை என்ற மரியாதையோடு அவரைத் தங்கள் தொடக்ககாலப் படங்களுக்கு அழைத்தார்கள். பின்னர் தொலைக்காட்சித் தயாரிப்பில் இறங்கினார். 'வார் அண்ட் ரிமெம்பரன்ஸ்' என்ற நெடுந்தொடரின் தயாரிப்பாளர்களுள் ஒருவராக 1989-ல் எம்மி விருது பெற்றார்.

## புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

இப்படங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் இருப்பதால், எதைப் பார்க்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். பாவாவின் முதல் படத்தையே எடுத்துக்கொண்டால், 'பிளாக் சண்டே' என்ற அமெரிக்கப் பதிப்பில் சில காட்சிகள் வெட்டப்பட்டு, வசனம் புதிதாகப் பேசப்பட்டு, ரொபெர்தோ நிகோலோசியின் இசைக்குப் பதிலாக லெஸ் பாக்ஸ்டரின் இசை சேர்க்கப்பட்டிருக்கும். ஏற்றுமதிக்காக முதலில் தயாரான ஆங்கிலப் பதிப்பின் பெயர் 'தி மாஸ்க் ஆஃப் சாத்தான்'. அதில் நிகோலோசியின் இசை அப்படியே உண்டு. இத்தாலிப் பதிப்பு தனி. இந்த மூன்றிலும் காத்தியா பேசுவது வெவ்வேறு குரல்களில். தொடங்குபவர்கள் 'தி மாஸ்க் ஆஃப் சாத்தான்' பதிப்பைத் தேடிப் பார்ப்பது நல்லது. 'டான்சா மகாப்ரா'வை இத்தாலிப் பதிப்பில், துணைத்தலைப்புகளோடு பார்க்கலாம்.